கல்லீரல் இரத்தப் பரிசோதனை: பெயரும் பொருளும்

இந்தியாவின் எந்த நகரத்திலும் இன்று ஓர் ஆய்வுக்கூடத்தில் காலையில் சில மில்லிலிட்டர் இரத்தம் கொடுத்தால், மாலைக்குள் ஒரு தாள் கைக்கு வந்துவிடுகிறது. அதன் தலைப்பு 'லிவர் ஃபங்ஷன் டெஸ்ட்', அதாவது கல்லீரல் செயற்பாட்டுப் பரிசோதனை. இடப்பக்கம் பிலிருபின், எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., அல்கலைன் பாஸ்படேஸ், அல்புமின் என்று பெயர்கள், நடுவில் எண்கள், வலப்பக்கம் இயல்பான அளவு. வரம்பைத் தாண்டிய எண் தடித்த எழுத்தில் இருக்கும். நோயாளியின் வீட்டார் முதலில் தேடுவது அத்தடித்த எழுத்தைத்தான். எஸ்.ஜி.பி.டி. 38 என்றிருந்தால் நிம்மதி. 95 என்றிருந்தால் அச்சம்.

அந்த நிம்மதியும் அந்த அச்சமும் பல வேளைகளில் இடம் மாறி அமைந்துவிடுகின்றன. கல்லீரல் ஏறத்தாழச் சுருங்கிப்போன ஒருவரின் எஸ்.ஜி.பி.டி. இயல்பாக இருக்கக்கூடும். ஆயிரத்தைத் தாண்டிய எண்ணோடு படுத்திருக்கும் இளைஞர் சில வாரங்களில் முழுமையாக நலம் பெற்று எழக்கூடும். இப்படி நேர்வதற்கு ஆய்வுக்கூடத்தின் பிழை காரணமன்று. தாளின் ஒவ்வொரு வரியும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு கேள்விக்கு விடையாகத் தோன்றியது. அவை அனைத்தையும் ஒரே தலைப்பின் கீழ் அடுக்கியபோது அந்தக் கேள்விகள் மறைந்துபோயின. அவற்றை மீட்டெடுக்காமல் அந்தத் தாளைச் சரியாகப் படிக்க இயலாது.

முதற்கேள்வி மிகப் பழையது: கண் ஏன் மஞ்சளாகிறது? சரக சம்ஹிதை காமாலையைப் பாண்டு நோயோடு சேர்த்துப் பேசுகிறது. 'காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்' என்பது நம் பழமொழி. நோயாளிக்கு உலகம் உண்மையில் மஞ்சளாகத் தெரிவதில்லை. பிறர்தாம் அவர் கண்ணில் மஞ்சளைக் காண்கின்றனர். பல நூற்றாண்டுகளாக மருத்துவர் கையிலிருந்த கருவி அந்தப் பார்வை ஒன்றே. அக்கருவி தாமதமாகவே பேசும். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஒரு மில்லிகிராம் அளவுக்கு மேற்படாத பிலிருபின், இரண்டு மூன்று மில்லிகிராமை எட்டிய பிறகே வெண்விழியில் மஞ்சள் புலப்படும்.

பார்வையை எண்ணாக மாற்றும் வழியைத் திறந்தவர் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக். சாயங்களின் வேதியியலில் ஆழ்ந்திருந்த அவர், 1880களின் தொடக்கத்தில் டயசோ வினைப்பொருளை உருவாக்கினார். பிலிருபினோடு அது சேர்ந்தால் நிறம் மாறும். எர்லிக் அதைச் சிறுநீரில் சோதித்தார். நெதர்லாந்து மருத்துவர் ஹைமன்ஸ் வான் டென் பெர்க் 1913இல் அதை இரத்த சீரத்துக்குக் கொண்டுவந்தார். 1916இல் அவரும் அவருடைய உடனாய்வாளர் முல்லரும் ஒரு விந்தையைக் கண்டனர். பித்தநாளம் அடைபட்ட நோயாளியின் சீரம் உடனே நிறம் மாறியது. இரத்தச் சிவப்பணுக்கள் மிகுதியாகச் சிதைவதால் காமாலையுற்றவரின் சீரமோ ஆல்கஹால் சேர்த்த பின்னரே மாறியது. முன்னதை 'நேரடி' என்றும் பின்னதை 'மறைமுகம்' என்றும் அழைத்தனர்.

இன்றும் அறிக்கையில் 'டைரக்ட்', 'இன்டைரக்ட்' என்று இரு வரிகள் இருப்பது அந்த 1916ஆம் ஆண்டுச் சோதனைக்குழாயின் எச்சமே. அதன் காரணம் விளங்க நாற்பது ஆண்டுகள் ஆயின. சிவப்பணு சிதையும்போது பிறக்கும் பிலிருபின் நீரில் கரையாதது. கல்லீரல் அதனோடு குளுக்குரோனிக் அமிலத்தை இணைத்துக் கரையச் செய்து பித்தநீரில் அனுப்புகிறது. இணைக்கப்பட்டது நேரடியாக வினைபுரியும். இணைக்கப்படாததற்கு ஆல்கஹாலின் துணை வேண்டும். 1956, 1957 ஆண்டுகளில் வெவ்வேறு நாடுகளின் ஆய்வாளர் தனித்தனியே இதை நிறுவினர். ஆகவே பிலிருபின் வரி கேட்பது இதுதான்: சரக்கு மிகுதியாக வருகிறதா, தொழிற்கூடம் பழுதா, அல்லது வெளியேறும் வழி அடைபட்டதா?

அடைப்பைத் தனியே காட்டும் குறி ஒன்று 1930களில் கிடைத்தது. எலும்பு நோய்களுக்காக அளக்கப்பட்டுவந்த அல்கலைன் பாஸ்படேஸ் என்னும் நொதி, பித்தநாள அடைப்பிலும் இரத்தத்தில் உயர்வதை ராபர்ட்ஸ் என்ற மருத்துவர் கண்டார். எலும்பிலிருந்து வந்த அந்த உறவு அறுபடவில்லை. வளரும் சிறுவரிடம் எலும்பினாலும் கருவுற்ற பெண்ணிடம் நஞ்சுக்கொடியினாலும் இந்த எண் இயல்பாகவே உயர்ந்திருக்கும். இதை அறியாத பெற்றோர், பதின்மூன்று வயதுப் பிள்ளையின் அறிக்கையில் தடித்த எழுத்தைக் கண்டு கலங்குவது இன்றும் நிகழ்கிறது.

அதே பத்தாண்டில் அமெரிக்க மருத்துவர் ஆர்மண்ட் குவிக் 1935இல் புரோத்ராம்பின் நேரத்தை அளக்கும் முறையை வகுத்தார். இரத்தம் உறையத் தேவையான புரதங்களிற் பெரும்பாலானவற்றைக் கல்லீரலே செய்கிறது. செய்வது குறைந்தால் உறையும் நேரம் நீளும். ஆனால் அப்புரதங்கள் சிலவற்றைச் செய்ய வைட்டமின் கே வேண்டும். அதைக் குடல் உறிஞ்சப் பித்தநீர் வேண்டும். எனவே அடைப்புக் காமாலையிலும் நேரம் நீளும். அப்போது ஊசி வழியே வைட்டமின் கே கொடுத்தால் நேரம் சீராகிவிடும். கல்லீரலே பழுதாகியிருந்தால் பெரும்பாலும் சீராகாது. ஒரு நூற்றாண்டில் உருவான கல்லீரற் சோதனைகளுள் 'செயற்பாடு' என்னும் சொல்லுக்கு உண்மையில் தகுதியுடையவற்றுள் இது முதன்மையானது. ஆயினும் பெரும்பாலான அறிக்கைகளில் அந்தத் தலைப்பின் கீழ் இது இடம்பெறுவதில்லை. தனியே கேட்டால்தான் செய்யப்படுகிறது.

இனி, இந்தத் தாளின் மிகப் புகழ்பெற்ற இரு வரிகளின் கதை. அது கல்லீரலில் தொடங்கவில்லை.

1937இல் மாஸ்கோவில் பிரான்ஸ்டைன், கிரிட்ஸ்மன் என்னும் இருவர், உயிரணுக்களில் அமினோ தொகுதி ஒரு மூலக்கூறிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றப்படுவதைக் கண்டறிந்தனர். அம்மாற்றத்தைச் செய்யும் நொதிகளே டிரான்ஸ்அமினேஸ்கள். இதயத் தசையில் இவற்றுள் ஒன்று மிகுதியாக உண்டு. 1950களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் நிறுவனத்தில் ஜான் லாடூ, ஃபெலிக்ஸ் ரோப்லெவ்ஸ்கி, ஆர்தர் கார்மென் ஆகியோர் எழுப்பிய கேள்வி இது: மாரடைப்பில் இதயத் தசை இறக்கும்போது, அதற்குள்ளிருந்த நொதி இரத்தத்தில் கசியுமா? கசிந்தது. 1954ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை மாரடைப்பைப் பற்றியது. மறு ஆண்டு, நிறமாலைமானியால் இந்நொதியை அளக்கும் கார்மெனின் முறை வெளியாயிற்று. அதுவே எஸ்.ஜி.ஓ.டி.

கல்லீரலிலும் அதே நொதி மிகுதி என்பதால், கல்லீரல் அழற்சியுற்றோரின் இரத்தத்தில் அது மாரடைப்பில் உள்ளதைவிடப் பன்மடங்கு உயர்ந்திருப்பது விரைவிலேயே தெரிந்தது. அதே ஆண்டுகளில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் ஃபெர்னாண்டோ டெ ரிட்டிஸ் குழுவினரும் தம் வழியே அம்முடிவுக்கு வந்தனர். தொடர்ந்து எஸ்.ஜி.பி.டி. வந்தது. இது கல்லீரலில் செறிந்தும் பிற உறுப்புகளில் குறைந்தும் இருப்பதால் மேலும் நம்பத்தக்க குறியாயிற்று. இரண்டுக்கும் உள்ள விகிதம் பொருளுடையது என்று 1957இல் சுட்டியவரும் டெ ரிட்டிஸே. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி.யைப் போல் இரு மடங்குக்கு மேல் இருந்தால் மதுவினால் நேர்ந்த பழுதை ஐயுறுவது இன்றும் மருத்துவர் வழக்கம்.

அதே 1957இல் ரைட்மன், ஃபிராங்கல் என்னும் இருவர், விலையுயர்ந்த நிறமாலைமானி இல்லாமலே நிறத்தை ஒப்பிட்டு இந்நொதிகளை அளக்கும் எளிய முறையை வெளியிட்டனர். இந்தியாவின் மருத்துவக் கல்லூரிகளிலும் சிறு ஆய்வுக்கூடங்களிலும் பல்லாண்டு காலம் புழங்கியது அம்முறைதான். இதயத்தைப் பொறுத்தவரை, ட்ரோபோனின் போன்ற நுண்மையான குறிகள் வந்தபின் எஸ்.ஜி.ஓ.டி. கைவிடப்பட்டது. அந்நொதிகளுக்கு ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்று பன்னாட்டுப் பெயர்களும் வந்துவிட்டன. இந்திய அறிக்கைகள் பழைய பெயர்களை விடாமல் பிடித்திருக்கின்றன. தசையின் தொடர்பும் விடவில்லை: கடும் உடற்பயிற்சி செய்தவரின் இரத்தத்திலும், எடுக்கும்போது சிவப்பணு உடைந்துவிட்ட இரத்தத்திலும் எஸ்.ஜி.ஓ.டி. உயரும்.

இக்கதையிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. இவ்விரு நொதிகளும் கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அளப்பனவல்ல. உயிரணுக்கள் உடைந்து உள்ளிருந்தது வெளியே கசிவதை அளக்கின்றன. ஒரு வீட்டின் முன் குவிந்த உடைசலைக் கொண்டு உள்ளே எத்தனை அறைகள் எஞ்சியுள்ளன என்று சொல்ல முடியாது. கல்லீரலின் பெரும்பகுதி தழும்பாகிவிட்டால் உடையவும் கசியவும் அதிகமான உயிரணுக்கள் இரா. எண் இயல்பாகத் தோன்றும். திடீர்க் கல்லீரல் செயலிழப்பில் ஆயிரங்களில் இருந்த எண் சரிந்து வர, அதே நாள்களில் பிலிருபினும் புரோத்ராம்பின் நேரமும் ஏறிக்கொண்டிருந்தால், அந்தச் சரிவு குணமாவதன் அறிகுறியன்று; உடைவதற்கு இனி மிச்சமில்லை என்பதன் அறிகுறி. 'எண் இறங்குகிறது' என்று வீட்டார் ஆறுதல் கொள்ளும் அதே வேளையில் மருத்துவர் உறுப்பு மாற்று மையத்துக்குத் தொலைபேசி செய்துகொண்டிருப்பார்.

மருத்துவ உலகம் இதை உணர்ந்தே தன் அளவுகோல்களை வகுத்தது. 1964இல் சைல்ட், டர்காட் ஆகியோர் கல்லீரல் இறுக்க நோயாளிகளை வகைப்படுத்த வகுத்த அட்டவணையில் பிலிருபினும் அல்புமினும் உண்டு. வயிற்றில் நீர்க்கட்டும் மூளைக் குழப்பமும் உண்டு. 1973இல் பக் குழுவினர் அதில் புரோத்ராம்பின் நேரத்தைச் சேர்த்தனர். 1989இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரி வகுத்த திடீர்ச் செயலிழப்பு அளவைகளிலும், 2002 முதல் அமெரிக்காவில் மாற்றுக் கல்லீரலுக்கான வரிசையைத் தீர்மானிக்கும் 'மெல்டு' மதிப்பெண்ணிலும் புரோத்ராம்பின் நேரத்துக்கோ அதன் சீர்தர வடிவான ஐ.என்.ஆருக்கோ இடம் உண்டு. இந்நான்கில் ஒன்றிலும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இல்லை. பிழைப்பார் யார் என்று கேட்கும்போது, அறிக்கையில் எல்லோரும் முதலில் பார்க்கும் இரு வரிகளைக் கல்லீரல் வல்லுநர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

அப்படியானால் அவ்வரிகள் வீணா? காசநோய் சிகிச்சை இதற்கு விடை தரும். ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு ஆகிய மூன்றும் கல்லீரலைத் தாக்கக்கூடியவை. இந்தியாவில் மருந்துகளால் நேரும் கல்லீரல் பாதிப்புக்கு முதன்மைக் காரணம் காசநோய் மருந்துகளே. நொதிகள் சற்றே உயர்வது பலருக்கு நேர்ந்து, மருந்து தொடரும்போதே தணிந்துவிடும். இயல்பின் மேல் வரம்பைப்போல் ஐந்து மடங்கைத் தாண்டினாலோ, வாந்தி, பசியின்மை போன்ற அறிகுறிகளோடு மூன்று மடங்கைத் தாண்டினாலோ மருந்தை நிறுத்தி ஆராய்வது வழக்கம். அமெரிக்க வல்லுநர் ஹைமன் சிம்மர்மன் நெடுங்காலம் கவனித்துச் சொன்னது இன்னும் கூர்மையானது: மருந்தினால் நொதி உயர்ந்து, அடைப்பு ஏதுமின்றிக் காமாலையும் சேர்ந்தால், ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இறக்கும் அபாயம் உண்டு. காயத்தின் குறி தனித்து வரும்போது எச்சரிக்கை. செயலிழப்பின் குறியோடு சேர்ந்து வரும்போது ஆபத்து.

காயம் எவ்வளவு என்று தெரிந்த பின்னும் ஒரு கேள்வி எஞ்சுகிறது: யார் செய்த காயம்? அதற்கு இந்தத் தாளில் விடை கிடையாது என்பதை இந்தியா மிகுந்த விலை கொடுத்து அறிந்தது.

1955ஆம் ஆண்டு மழைக்காலத்தில் யமுனையில் வெள்ளம் வந்து வடிந்தபோது, ஆறு தன் போக்கைச் சற்று மாற்றிக்கொண்டது. தில்லிக்குக் குடிநீர் எடுக்கும் வசீராபாத் நிலையத்துக்குக் கீழே, நகரக் கழிவைச் சுமந்துவரும் நஜஃப்கர் கால்வாய் ஆற்றில் கலக்கிறது. அந்த நவம்பரில் கழிவுநீர் மேல்நோக்கித் திரும்பி, குடிநீர் எடுக்கும் இடத்தை எட்டிவிட்டது. நிலையத்தார் குளோரினைக் கூட்டினர். டைபாய்டு போன்ற பாக்டீரிய நோய்கள் பரவவில்லை. ஆனால் டிசம்பரில் காமாலை தொடங்கி, ஜனவரி வரை நகரை உலுக்கியது. மருத்துவர் ஆர். விசுவநாதன் தலைமையில் நடந்த விரிவான ஆய்வு, காமாலை வெளிப்படையாகத் தெரிந்தவர்கள் மட்டுமே 29,300 பேர் என்று மதிப்பிட்டது. கருவுற்ற பெண்கள் பிறரைவிட மிகுதியாக இறந்தனர். அந்த அறிக்கை 1957இல் 'இந்திய மருத்துவ ஆய்விதழ்' வெளியிட்ட இணைப்பாக வந்தது. நீர்வழிப் பரவும் கல்லீரல் அழற்சியை இத்துணை நுணுக்கமாகப் பதிவுசெய்த ஆவணங்கள் அன்று அரிது.

அந்நோய் நீர்வழிப் பரவுவதென்று அன்று அறியப்பட்டிருந்த தொற்றுக் காமாலையே, அதாவது இன்றைய ஹெபடைடிஸ் ஏ என்றே பல்லாண்டுகள் கருதப்பட்டது. எந்த வைரசாயினும் பிலிருபின் ஒன்றுபோலவே ஏறும். நொதிகள் ஒன்றுபோலவே கசியும். ஹெபடைடிஸ் ஏ வைரசு 1973இல் கண்டறியப்பட்டு, அதற்கெதிரான நோயெதிர்ப்புப் பொருளைச் சோதிக்கும் வழி பிறந்தபோதுதான் பழைய முடிவைச் சரிபார்க்க முடிந்தது. 1980இல் அமெரிக்க ஆய்வாளரும் புனேயின் தேசிய வைரசு ஆய்வு நிறுவனத்தாரும், தில்லிக் கொள்ளைநோயின்போது எடுத்துச் சேமித்திருந்த சீரங்களைச் சோதித்தனர். அது ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை. இந்தியரிற் பெரும்பாலோர் குழந்தைப் பருவத்திலேயே ஹெபடைடிஸ் ஏ வந்து எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டவர்கள். பெரியவர்களை வீழ்த்தியது வேறொன்று. அதே ஆண்டில் மருத்துவர் முகமது சுல்தான் குரூ, 1978, 1979 ஆண்டுகளில் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கைத் தாக்கிய கொள்ளைநோயை ஆராய்ந்து அதே முடிவை வெளியிட்டார். அங்கும் கருவுற்ற பெண்களே மிகுதியாக மாண்டனர். 1983இல் சோவியத் ஆய்வாளர் மிகாயில் பலயான், நோயுற்றோரின் மலத்திலிருந்து எடுத்த சாற்றைத் தாமே அருந்தி நோயுற்று, அந்த வைரசைத் தம் மலத்திலேயே மின்னணு நுண்ணோக்கியில் கண்டார். இன்று அதன் பெயர் ஹெபடைடிஸ் ஈ. தில்லி நோயாளிகளை வீழ்த்தியது எது என்று சொல்ல இருபத்தைந்து ஆண்டுகளும் உறைய வைத்த சீரமும் தேவைப்பட்டன.

கடைசியாக, தாளின் வலப்பக்கத்தில் இருக்கும் 'இயல்பு' என்னும் வரி. அது இயற்கை வகுத்த எல்லைபோலத் தோன்றும். உண்மையில் நலமுள்ளோர் எனக் கருதப்பட்ட சிலரின் இரத்தத்திலிருந்து கணக்கிட்ட எல்லை அது. அவர்கள் நலமுள்ளோர்தாமா? ஹெபடைடிஸ் சி 1989இல் இனங்காணப்படும் முன் அதைச் சோதித்து விலக்க வழியே இல்லை. கொழுப்புக் கல்லீரலும் கணக்கில் கொள்ளப்படவில்லை. 2002இல் மிலான் நகர ஆய்வாளர், முதன்முறை குருதிக்கொடை அளிக்க வந்த 6,835 பேரின் பதிவுகளை எடுத்து, நோய்க்கூறு உள்ளோரை நீக்கிவிட்டுக் கணக்கிட்டபோது, எஸ்.ஜி.பி.டி.யின் மேல் எல்லை ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19 என்று வந்தது. நம் ஊர்களின் பல அறிக்கைகளில் இன்னும் இரு பாலருக்கும் 40க்கு மேல்தான் எல்லை அச்சாகிறது. 38 என்னும் எண்ணோடு நிம்மதியாக வீடு திரும்பும் பெண்ணுக்கு அந்த நிம்மதியைத் தந்தது அச்சிட்ட ஓர் எல்லைதான். மது அருந்தாதோருக்கு வரும் கொழுப்புக் கல்லீரலை இந்திய அரசு 2021இல் தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் சேர்த்தது. அந்நோயுடையோர் பலரின் நொதிகள் இயல்பு எல்லைக்குள்ளேயே இருக்கும் என்பதால், இடுப்புச் சுற்றளவையும் சர்க்கரையையும் விட்டுவிட்டு இந்தத் தாளை மட்டும் பார்ப்பவர் அதைத் தவறவிடுவார்.

எனவே இந்தத் தாளை மூன்றாகப் பிரித்துப் படிப்பது தகும். எஸ்.ஜி.ஓ.டி.யும் எஸ்.ஜி.பி.டி.யும் காயத்தைச் சொல்கின்றன. அல்கலைன் பாஸ்படேஸ், நேரடிப் பிலிருபினோடு சேர்ந்து, வழியடைப்பைச் சொல்கிறது. பிலிருபின், அல்புமின், தனியே கேட்டுப் பெற வேண்டிய புரோத்ராம்பின் நேரம் ஆகிய மூன்றும் செயற்பாட்டைச் சொல்கின்றன. அவற்றுள்ளும் அல்புமின் மெதுவானது. இரத்தத்தில் ஏறத்தாழ மூன்று வாரம் அரைவாழ்வு கொண்ட அப்புரதம் நேற்று நேர்ந்த கேட்டை இன்று காட்டாது. உறையும் நேரமோ ஓரிரு நாளிலேயே காட்டிவிடும்.

காரணத்தை இந்த மூன்று பகுதிகளும் சொல்வதில்லை. வைரசுக்கு வேறு சோதனை, கொழுப்புக்கு வேறு சோதனை, மருந்துக்கும் மதுவுக்கும் நோயாளியிடம் பொறுமையாகக் கேட்கும் கேள்விகள். தடித்த எழுத்தைக் கண்டவர் மருத்துவரிடம் 'எவ்வளவு ஏறியிருக்கிறது?' என்று கேட்பது இயல்பு. 'எதனால் ஏறியது, உறையும் நேரம் எப்படியிருக்கிறது?' என்று சேர்த்துக் கேட்டால், அந்தத் தாள் சொல்லாமல் விட்டதும் வெளிவரும்.